அடிக்காமல் விட்ட மூன்று ஆணிகள்

யுத்தம் முடிந்ததும் துறைமுகப் பட்டறையில் ஆட்களைக் குறைத்தார்கள். என் கணவருக்கும் வேலை போயிற்று. அதன் பிறகு சாந்தோமில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் கடைசல் பட்டறை போட்டுக்கொண்டு, கிடைத்த வேலையைச் செய்தார். கட்டில் கால், தொட்டில் குமிழ், கோயிலுக்கு மெழுகுவர்த்தித் தண்டு என்று ஏதாவது வரும். பல நாள் ஒன்றும் வராது. கொழும்பில் அவருடைய சித்தப்பா மகன் பெரிய மரப் பட்டறை வைத்திருந்தார். இங்கே வந்துவிடு, வேலை நிறைய இருக்கிறது என்று அவரிடமிருந்து மாதம் ஒரு கடிதம் வரும். என் கணவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், அதனால் அதை என்னிடம்தான் கொடுப்பார். படித்து முடித்து அவர் முகத்தைப் பார்ப்பேன். "பார்க்கலாம்" என்பார். அவர் மறுத்துச் சொல்லாததால் அன்று முழுவதும் அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டிருப்பேன்.

அவர் போய்விட்டால் எனக்கு யாரும் இல்லை. அம்மா அப்பா இல்லை. முதல் குழந்தை நாற்பத்திரண்டாம் நாள் இறந்துபோனது. இரண்டாவது பெண் குழந்தைக்கு அப்போது ஒன்பது மாதம். முதல் குழந்தை போனதிலிருந்து எனக்கு எல்லாவற்றிலும் பயம். தும்மினால் பயம், தும்மாவிட்டாலும் பயம். நான் எட்டாவது வரை கன்னியர் பள்ளியில் படித்தவள். கல்யாணத்துக்கு முன் ஒரு வருஷம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் படிப்பு பயத்துக்குக் காரணங்களைக் கண்டுபிடிக்கத்தான் உதவியது.

ஈஸ்டருக்கு முன்னால் வரும் தபசு காலத்தின் முதல் வாரத்தில் அடையாற்றுக்கு அந்தப் பக்கம் தோப்புக்குள் இருந்த ஒரு சினிமாக் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. ராஜா கதை ஒன்று எடுக்கிறார்களாம். அதில் வெள்ளைக்காரப் படங்களில் வருவதுபோல் மெல்லிய கத்திகளை வைத்துக்கொண்டு இரண்டு கட்சியும் சண்டை போட வேண்டுமாம். கத்தி அடிப்பதற்குச் சைதாப்பேட்டையில் ஒரு கொல்லர் இருந்தார். பன்னிரண்டு கத்திகளுக்கு மரத்தில் வேலைப்பாடான கைப்பிடி வேண்டும். காமிரா கிட்டே வருமாம், அதனால் வேலை சுத்தமாக இருக்க வேண்டும்.

கம்பெனியில் சாமான் அறையைப் பார்த்துக்கொண்டவர் மயிலாப்பூர்க்காரர். நெற்றியில் விபூதியும் காதில் பென்சிலுமாக இருப்பார். மாதிரிக்கு ஒரு கைப்பிடியைக் கடைந்து எடுத்துக்கொண்டு என் கணவர் போனபோது, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

"இது என்ன கொடி? புடலங்காயா?"

"திராட்சைங்க."

"எங்க ராஜா மதுரைப் பக்கம்ய்யா. திராட்சைக்கு எங்கே போவார்?"

எங்கள் கோயிலில் நற்கருணைப் பேழையின் கதவுக்குத் திராட்சைக்கொடி செதுக்கிப் பழகிய கை அவருடையது. வேறு கொடி அதற்கு வரவில்லை. மறுநாள் கபாலி கோயில் கோபுரத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து, கைப்பிடியின் நுனியில் ஒரு யாளித் தலை செதுக்கினார். அது எதிர்வீட்டு நாயைப்போலவே இருந்தது. நான் சொல்லவில்லை. அவரே சொல்லிச் சிரித்தார். நாலாவது முயற்சியில் யாளி வந்தது. கொடி மட்டும் திராட்சையாகவே நின்றுவிட்டது. இலையை அகலமாக்கி அவரைக்கொடி என்று சொல்லிவிட்டார். அந்த மனிதரும் "பேஷ்" என்று ஒப்புக்கொண்டார்.

அன்று திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல், "இது நல்லா வந்துச்சுன்னா, கம்பெனியிலயே தச்சுப் பட்டறைக்கு ஆளா வெச்சுக்கறேன்னு சொல்லியிருக்காரு. நிரந்தரமா" என்றார்.

"கொழும்பு?"

"நிரந்தரம்னா அப்புறம் கொழும்பு எதுக்கு?"

நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாதா படத்தின் முன் போய் நின்றேன். நல்ல செய்தியிலும் எனக்குப் பயம் உண்டு.

தோதகத்தி மரத்தைக் கடைந்து, பிடிக்கு நடுவில் இடுப்பு வைத்து, செதுக்கி முடித்த பிறகு நீள வாக்கில் துளை போடுவார். கத்தியின் அடியில் நீண்டிருக்கும் வாலைப் பழுக்கக் காய்ச்சி அந்தத் துளையில் இறக்குவார். மரம் பொசுங்கி, வால் தனக்கு வேண்டிய இடத்தைத் தானே செய்துகொள்ளும். பிறகு அரக்கை உருக்கி ஊற்றுவார். கடைசியாகப் பிடியின் குறுக்கே மரத்தையும் வாலையும் சேர்த்து ஒரு துளை போட்டு, பித்தளை ஆணி இறக்கி, இரண்டு பக்கமும் சுத்தியலால் தட்டிப் பரத்திவிடுவார். அந்த ஆணித் தலையைச் சுற்றித்தான் கொடியின் பூவைச் செதுக்கியிருப்பார். ஆணி பூவின் நடுவில் மகரந்தம்போல் மினுங்கும். "அரக்கு பிடிக்கறதுக்கு, ஆணி நிக்கறதுக்கு" என்பார். உப்புத்தாள் தேய்த்து மெருகு போடுவது என் வேலை. குழந்தையைத் தூளியில் போட்டுக் காலால் ஆட்டிக்கொண்டே தேய்ப்பேன்.

உயிர்த்த திருநாளுக்கு முந்திய பெரிய சனிக்கிழமை காலையில் கத்திகள் போய்ச் சேர வேண்டும் என்று கெடு. வேலை கணக்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த வாரப் புதன்கிழமை குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. நான் அவரைக் கடைசல் பட்டறையிலிருந்து எத்தனை தடவை எழுப்பினேன் என்று எனக்கே தெரியாது. மூச்சு வேகமாக இருக்கிறதா பாருங்கள், கண் செருகுகிறதா பாருங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். புதன் மாலை லஸ் பக்கம் ஒரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். பல் முளைக்கும் காய்ச்சலாக இருக்கலாம் என்றார். இருக்கலாம் என்ற சொல் எனக்குப் போதவில்லை. வியாழன் விடிந்ததும் மறுபடி போனோம். அதே பதிலைச் சொன்னார். திரும்பி வந்து என் கணவர் வேலையில் உட்கார்ந்தபோது ஒன்பது கத்திகள் முடிந்திருந்தன. மூன்றுக்கு அரக்கு ஊற்றியாகிவிட்டது, ஆணி மட்டும் பாக்கி. அதற்குள் கோயிலில் பெரிய வியாழன் காலைப் பூசையில் மணி அடித்து ஓய்ந்துவிட்டது.

எங்கள் சனத்தில் அந்த மணி ஓய்ந்தால் சனிக்கிழமை காலைப் பூசையில் அது மறுபடி அடிக்கும் வரை வீட்டில் சுத்தியல் எடுப்பதில்லை. ஆண்டவருக்கு ஆணி அடித்த நாள் என்பதால் எந்த மரத்திலும் ஆணி இறக்குவதில்லை. கோயிலில்கூட மணிக்குப் பதில் கட்டையைத் தட்டுவார்கள். தச்சு வேலை செய்யும் வீடுகளில் சுத்தியலைத் துணியில் சுற்றி வைத்துவிடுவார்கள். நானும் அன்று காலையே எங்கள் சுத்தியலைச் சுற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அவர் வந்து கேட்டார். "மூணே மூணு ஆணிம்மா. சத்தம் வராம துணி வெச்சுத் தட்டிடறேன்."

"இன்னிக்கா? பெரிய வெள்ளிங்க."

"ஆண்டவரே தச்சர் வீட்டுப் பிள்ளைதானே. வேலைக்காரன் கஷ்டம் அவருக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆணி எப்படி வலிக்கும்னும் தெரியும்."

தூளியில் குழந்தை முனகியது. தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. "பிள்ளை இப்படிக் கிடக்கும்போது வேண்டாங்க. ஏதாவது ஆயிட்டா நான் தாங்க மாட்டேன்" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. முதல் குழந்தையை அடக்கம் செய்துவிட்டு வந்த நாளிலிருந்து, இந்த ஒரு பேச்சுக்கு அவர் எதிர்ப்பேச்சுப் பேசுவதில்லை. எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் சொன்னேனோ என்று இப்போது தோன்றுகிறது.

ஆணி இல்லாத மூன்றையும் அப்படியே அனுப்பினால், வேலை முடியவில்லை என்று சாமான் அறைக்காரர் மொத்தத்தையும் திருப்பிவிடுவார் என்று அவர் கவலைப்பட்டார். வழி சொன்னவளும் நான்தான். வேறு ஆணிகளின் தலையை மட்டும் வெட்டி, அரக்கு தொட்டுப் பூவின் நடுவில் பதித்துவிடலாம், சுத்தியல் வேண்டாம், சனிக்கிழமை மணி அடித்ததும் நீங்கள் போய் அங்கேயே உண்மையான ஆணியை இறக்கிவிட்டு வாருங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "படிச்ச மூளை" என்றார். அது பாராட்டா இல்லையா என்று அன்று எனக்குப் புரியவில்லை. பதித்தார். நான் மெருகு போட்டேன். பன்னிரண்டும் ஒன்றுபோல் இருந்தன. அவருக்கு மட்டும் தெரியும்படி அந்த மூன்றின் அடியில் நகக்கீறலளவு குறி வைத்தார்.

சனிக்கிழமை கிழக்கு வெளுக்கும்போதே கம்பெனி வண்டி வந்து கத்திகளை எடுத்துக்கொண்டு போனது. கோயில் மணி அதற்குப் பிறகுதான் அடித்தது. பூசையில் மணிச் சத்தம் கேட்டதும் சுற்றியிருந்த எல்லாப் பெண்களும் அழுதார்கள். நானும் அழுதேன். வீட்டுக்கு வந்ததும் அவர் மூன்று ஆணியையும் சுத்தியலையும் பையில் போட்டுக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் குழந்தை பாலைக் கக்கியது. உடம்பு விறைத்ததுபோல் எனக்குத் தெரிந்தது. விறைக்கவில்லை என்று அவர் சொன்னார். "கொஞ்சம் இருங்க, பால் நிக்குதான்னு பார்த்துட்டுப் போங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு முறை பால் கொடுத்துப் பார்த்தேன். அது வயிற்றில் நின்றது. குழந்தை சிரித்தது. அவர் கிளம்பும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

அடையாற்றுப் பாலத்தைத் தாண்டி அவர் போய்ச் சேர்வதற்குள் ஆகிவிட்டது. சண்டைக்காரர் ஒருவர் எதிராளியின் வீச்சைத் தடுத்தபோது கத்தி பிடியிலிருந்து கழன்று சுழன்றிருக்கிறது. வெறும் பிடியைப் பிடித்திருந்த கையில் எதிராளியின் வீச்சு முழுதும் விழுந்தது. முனை மழுங்கிய கத்திதான், ஆனாலும் இரும்பு. நடுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கையோடு கிழிந்துவிட்டன. அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போன பிறகு என் கணவர் உள்ளே நுழைந்தார்.

சாமான் அறைக்காரர் அந்தப் பிடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாராம். "மரம் நன்னாத்தான் இருக்கு. ஒரு கீறல் இல்லே பாரும். கொல்லன் வாலைக் குட்டையா அடிச்சுட்டான். ஆணிக்கு எட்டவே இல்லை. இனிமே அவன் இந்தக் கேட்டுக்குள்ளே காலை வெக்கட்டும், பார்த்துக்கறேன்."

என் கணவர் அவர் சொன்னதை அப்படியே விட்டுவிட்டார். மற்றவற்றைச் சரிபார்க்கிறேன் என்று சொல்லி உட்கார்ந்து, குறி வைத்த மற்ற இரண்டுக்கும் ஆணி இறக்கிவிட்டு வந்தார். வீட்டில் மூன்றாவது ஆணியை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுத்தான் என்னிடம் சொன்னார். மறுநாள் உயிர்த்த திருநாள். கறி வாங்கியிருந்தோம். இருவருக்கும் இறங்கவில்லை.

அடுத்த வாரமே கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. மாதம் முதல் தேதியிலிருந்து பட்டறைக்கு வரச் சொன்னார்கள். நிரந்தரம். நான் எதற்காக இத்தனை நாள் செபமாலை சொன்னேனோ அது கைக்கு வந்துவிட்டது. அன்று அவர் கொழும்புக்கு, வரவில்லை என்று என்னைக் கொண்டே கடிதம் எழுதவைத்தார். நான் அதைத் தபாலில் போடாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் போட்டேன்.

அந்த வாரக் கடைசியில் சைதாப்பேட்டைக் கொல்லர் வீடு தேடி வந்தார். பெரிய உடம்பு. வாசல்படியில் உட்காராமல் நின்றார்.

"நைனா, நீதானே வாலைக் காய்ச்சி உள்ள உட்டே? குட்டையாவா இருந்திச்சு? நீ ஒரு வார்த்தை சொல்லு. என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டான் அந்த ஐயரு."

என் கணவர் தரையைப் பார்த்தார். "நான் சரியாக் கவனிக்கலை அண்ணே" என்றார்.

"கவனிக்கலியா? பன்னெண்டு வாலு உட்ட கையி, கவனிக்கலியா?" கொல்லர் என் பக்கம் திரும்பினார். "அம்மா, நீ படிச்ச பொண்ணு. உன் ஊட்டுக்காரரு பொய் சொல்ற மூஞ்சா இது?"

"தண்ணி குடிக்கறீங்களா?" என்றுதான் கேட்டேன். அவர் குடிக்காமல் போனார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பால் குறைந்தது. பால் குறைந்தால் குழந்தைக்கு என்ன ஆகுமோ என்று அதற்கு ஒரு பயம். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கலாம். சாமியார் யாரிடமும் சொல்லமாட்டார், எனக்கும் பாரம் இறங்கியிருக்கும். ஆனால் அங்கே போய் முழங்காலிட்டபோது என்ன பாவம் என்று சொல்வதென்று தெரியவில்லை. பெரிய வெள்ளியன்று ஆணி அடிக்கவிடாமல் தடுத்ததையா பாவம் என்பது? வழக்கமாகச் சொல்லும் பாவங்களைச் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

பிறகு ஒரு நாள், அவருக்குத் தெரியாமல், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தச் சண்டைக்காரரைப் பார்க்கப் போனேன். மந்தைவெளிக்குத் தெற்கே ஆற்றை ஒட்டிய குடிசைகளில் விசாரித்துக் கண்டுபிடித்தேன். கையில் பெரிய கட்டுடன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மனைவி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கத்திப் பிடி செய்தவர் வீட்டிலிருந்து வருகிறேன் என்றேன்.

"யாரு? மேஸ்திரி ஊட்டம்மாவா? வா, குந்து. இன்னா, கைப்பிடி செஞ்சவரு கையப் பாக்க அனுப்ச்சாரா?" என்று அவர் சிரித்தார். "ஷோக்கான பிடிம்மா அது. கத்தி போய்க்கினே கீது, பிடி மட்டும் என் கையில பூ மாதிரி நிக்குது. டைரக்டரு கட்னு கத்றாரு. நான் இன்னான்னா, அதான் கட்டாயிட்ச்சே சாமின்றேன்."

"சிரிப்பு வேற" என்றாள் மனைவி, தலையைத் தூக்காமல். "ரெண்டு வெரலு மடங்கலை. இனிமே எவன் இதுக்குக் கத்தி குடுப்பான்? கரண்டிகூடப் புடிக்க முடியாது. அந்தக் கொல்லன் கையி அழுவிப் போவ."

"அவனை உடுவனா? நம்ம பசங்க நாலு பேரு நாளைக்கு சைதாப்பேட்டை போறானுங்கோ. கைய ஒட்சுட்டுத்தான் வருவானுங்கோ."

அவர் அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கொல்லர் எங்கள் வாசலில் நின்ற நிலை கண்முன் வந்தது.

"அவர் மேல தப்பு இல்லைங்க" என்றேன். "வால் சரியாத்தான் இருந்துச்சு. ஆணிதான் இல்லை. பெரிய வெள்ளிங்கறதால நான் அடிக்கவிடலை."

குழந்தை என் சங்கிலியை இழுத்தது.

"சாமிக்காகவா?" என்றார் அவர்.

"ஆமாங்க."

"சர்தான். உடு. பயந்துக்கினு வந்துக்கிறே. நீ போ தாயி." அவர் இப்போது சிரிக்கவில்லை.

மனைவி மீன் சட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தாள். "இன்னா உடு? உன் சாமிக்கு எங்க ஊட்டுக்காரன் வெரலு கேட்டுதா? உன் புருசன் மட்டும் கம்பெனில குந்திக்கினு மாசாமாசம் வாங்குவான். இவன் கயித்துக் கட்டில்ல கெடப்பான். நல்லாக் கீதும்மா உங்க வேதம்."

நான் கொண்டுபோயிருந்த வாழைப்பழங்களை வைக்க இடம் தெரியாமல் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன். அது இன்னும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை அவள் கம்பெனி வாசலில் போய்க் கத்தினாள். மற்ற சண்டைக்காரர்களும் கூட நின்றார்களாம். முதல் தேதிக்கு நான்கு நாள் இருந்தது. சாமான் அறைக்காரர் என் கணவரைக் கூப்பிட்டு அனுப்பினார். கோபப்படவில்லையாம். "தெரியாத்தனம்னா மன்னிச்சுடுவேன். ஆணி மாதிரி ஜோடிச்சு வெச்சீரே, அதைத்தான் என்னால ஜீரணிக்க முடியலை" என்றாராம். பட்டறைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்.

என் கணவர் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். நான் ரசம் ஊற்றினேன்.

"நீயா போய்ச் சொன்னே?"

"ஆமாங்க. கொல்லரை அடிக்கப் போறதாச் சொன்னாங்க. அதான்."

அவர் தலையாட்டினார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். என்னிடம் ஒரு தடவை கேட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்றாவது சொல்லியிருக்கலாம். கேட்டிருந்தால் அவர் போக வேண்டாம் என்றிருப்பார், நானும் போயிருக்க மாட்டேன், கொல்லருக்கு என்ன ஆகியிருக்குமோ. எங்கே தொடங்கினாலும் யோசனை இப்படித்தான் சுற்றி வந்து நிற்கிறது.

கொல்லரை யாரும் அடிக்கவில்லை. ஆனால் கம்பெனி அவரையும் திரும்பக் கூப்பிடவில்லை. பம்பாயிலிருந்து பிடியோடு செய்த கத்திகளையே வரவழைத்துக்கொண்டார்கள். சண்டைக்காரருக்கு விரல் மடங்கவே இல்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். நான் சொன்ன உண்மையால் யாருக்கு என்ன கிடைத்தது என்று எண்ணிப் பார்க்கிறேன். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. சொல்லாமல் இருந்திருந்தால் எங்களுக்காவது கிடைத்திருக்கும். இப்படி நினைப்பதும் பாவம்தான். ஆனாலும் நினைக்கிறேன்.

கொழும்புக்கு மறுபடி கடிதம் எழுதினோம். முன்பு எழுதியதை மறந்துவிடச் சொல்லி, என் கையெழுத்திலேயே எழுதினேன். பதினைந்து நாளில் வரச் சொல்லிப் பதில் வந்தது. எழும்பூரில் அவரை ரயில் ஏற்றிவிடப் போனேன். கூட்டத்தில் குழந்தை நசுங்கிவிடுமோ என்று தூணோரமாகவே நின்றேன். ஜன்னல் பக்கம் போகவில்லை. அவர் உள்ளேயிருந்து கையை நீட்டினார். எனக்கும் அவருக்கும் நடுவில் மூட்டை முடிச்சோடு பத்துப் பேர் இருந்தார்கள். "காய்ச்சல் வந்தா லஸ் டாக்டர்கிட்டயே காட்டு" என்று சத்தமாகச் சொன்னார். வேறு ஏதோவும் சொன்னார், ரயில் சத்தத்தில் கேட்கவில்லை. பிறகு கடிதத்தில் கேட்டேன், என்ன சொன்னீர்கள் என்று. ஞாபகம் இல்லை என்று எழுதினார்.

இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. குழந்தைக்கு எல்லாப் பல்லும் முளைத்துவிட்டது, நன்றாகப் பேசுகிறாள். அவருடைய படத்தைப் பார்த்துத்தான் அவள் அப்பா என்கிறாள். நான் ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்து அவருக்கு எழுதுகிறேன். அவள் என்ன சொன்னாள், எந்தப் பாவாடை சின்னதாகிவிட்டது, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்று பக்கம் நிறைய எழுதிவிட்டு, கடைசியில் எப்போது வருகிறீர்கள் என்று கேட்பேன். முதலில் கிறிஸ்மஸுக்கு என்று எழுதினார். பிறகு மழைக்குப் பிறகு என்று எழுதினார். இப்போதெல்லாம் நான் கேட்ட மற்ற எல்லாவற்றுக்கும் ஒன்றுவிடாமல் பதில் எழுதுகிறார். பாவாடைக்குத் துணி அனுப்புகிறேன் என்கிறார். கிணற்றைத் தூர் வாரச் சொல்கிறார். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் ஒன்றும் இல்லை. சென்ற ஞாயிறு அதைக் கேட்காமலே கடிதத்தை முடித்து ஒட்டினேன். தபால் பெட்டிவரை போய்விட்டு, கேட்காமல் இருந்தால் அவர் வருவது எனக்கு வேண்டாம் என்று நினைத்துக்கொள்வாரோ என்று திரும்பி வந்து, பிரித்து, அடியில் அந்தக் கேள்வியை எழுதிச் சேர்த்தேன்.